கேசட்டுக்கு இரண்டு ரேட்: தர்மபுரியில் ஒரு பதிவுக் கடை

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதுதான் பெரிய கதை. அவசரக்காரர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகலாம்.

தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது, எப்போதோ போர்டு இருந்ததற்கான ஆணிகள் மட்டும் சுவரில் நிற்கின்றன. பழைய கேசட்டைக் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். எண்பதுகளில் இது ரெக்கார்டிங் சென்டர். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, வெறும் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், எல்பி தட்டிலிருந்து பதிந்து வைத்திருப்பார்கள், கடைசியில் இடம் மிச்சமிருந்தால் அவர்களாகவே ஒரு பாட்டைச் சேர்த்து நிரப்பியும் தருவார்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த வேலையைச் செய்த அதே மனிதர்தான் இன்றைக்கு அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறார், வயது அறுபதுக்குப் பக்கம்.

நான் கொண்டுபோனது பதினான்கு கேசட். அப்பா பாலக்கோடு பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, சாவு என்று எதுவானாலும் புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கி, முதல் பாட்டாகப் பிள்ளையார் பாட்டு போடுவார். ஒன்பது கேசட்டில் சினிமாப் பாட்டு. மீதி ஐந்தில் கூத்து, கோயில் பஜனை, ஒரு கல்யாண வீட்டுப் பேச்சு, பாட்டியின் ஒப்பாரி.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது ரேட் அட்டைதான், கையால் எழுதியது. சினிமா கேசட் 100 ரூபாய். கூத்து, கச்சேரி, வீட்டுக் குரல் 200 ரூபாய். ஒரே நீளமுள்ள டேப், ஒரே மெஷின், ஒரே நேரம், ஏன் இரண்டு ரேட் என்று கேட்டேன்.

"சினிமாப் பாட்டெல்லாம் எதுக்கு தம்பி ஏத்தறீங்க? யூடியூப்ல கிடைக்குது. காசைக் கரியாக்காதீங்க. கூத்து இருந்தா குடுங்க, அது கலை. அதுக்குன்னா உக்காந்து பாடுபடலாம். இது சும்மா ஓடவிட்டு எடுக்கறது."

வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும், அதனால் அந்த இடத்தில் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் "அது கலை, இது சும்மா" என்பது மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். கேசட்டை வாங்கியதும் உடனே டெக்கில் போடுவதில்லை. முதலில் வெளிச்சத்தில் பிடித்து வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார். முழுக்க ஒரு முறை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் டேப்பைத் தளர்த்துகிறார். என்னுடையதில் இரண்டு கேசட்டில் உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்து போயிருந்தது. அது டேப்பை, பாட்டைப் படிக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது, அது இல்லாவிட்டால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். டேப்பை அப்படியே எடுத்து வேறொரு காலிக் கூட்டுக்குள் மாற்றிப் போட்டார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைக்கிறார், அப்புறம் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரால் ஹெட்டின் சாய்வை மயிரிழை திருப்பித் திருப்பி, பாட்டில் 'ஸ்' சத்தம் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துகிறார். வேறொரு ஊரில் ஒரு கடையில் இதே வேலைக்குக் கொடுத்து ஒரு கேசட்டை அறுத்தே திருப்பிக் கொடுத்தார்கள், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பொறுமை வேண்டும். இதில் காப்பி பேஸ்ட் கிடையாது. 90 நிமிட கேசட் என்றால் 90 நிமிடம் ஓடியே ஆக வேண்டும், நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. நான்கு நாளில் தருகிறேன் என்றவர் ஒன்பது நாள் எடுத்தார். போன் செய்தால் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை எடுப்பதில்லை. நான்குக்கு மேலும் எப்போதாவதுதான்.

அவர் உண்மையிலேயே கில்லாடி என்று நான் ஒத்துக்கொண்டது கூத்து கேசட்டில். 1991 கோடையில் எங்கள் ஊர் தர்மராஜா கோயில் பாரதக் கூத்தில் அப்பா பதிந்தது, துகிலுரிதல் ராத்திரி. பெரிய டார்ச் செல் நான்கு போட்டு ஓடுகிற மோனோ டேப் ரெக்கார்டர். செல் தீரத் தீர மோட்டார் மெதுவாகும், மெதுவாக ஓடிய டேப்பில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று ஏறும். அதனால் எங்கள் வீட்டில் இதைப் போடும்போதெல்லாம் விடியற்காலை நெருங்க நெருங்க துரியோதனன் சின்னப் பையன் மாதிரி கத்துவான், நாங்கள் சிரிப்போம். கடைக்காரர் இதைச் சரிசெய்த விதம் இருக்கிறதே! கூத்தில் பின்பாட்டுக்கு ஆர்மோனியம் உண்டு. பாடுகிறவன் சுருதி ஏறி இறங்கலாம், ஆர்மோனியத்தின் கட்டை ஏறாது. ஆகவே ஆர்மோனியம் எங்கே ஏறிக் கேட்கிறதோ அங்கே டேப் ஏறியிருக்கிறது என்று பிடித்து, கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்கிக்கொண்டே வந்து, கடைசிவரை ஒரே சுருதியில் நிறுத்தியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி முதல் முறையாக துரியோதனன் ஆம்பிளைக் குரலில் பேசினான். இதற்கு 200 ரூபாய் என்பது கொள்ளை மலிவு.

இந்த ஆர்மோனியத்தைத்தான் 1940-ல் அகில இந்திய வானொலி உள்ளே விடக் கூடாது என்று தடை போட்டது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் வராது, நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்று காரணம் சொன்னார்கள், அந்தத் தடை முப்பது வருஷம் போல நீடித்தது. வானொலிக்கு உதவாத பெட்டி எங்கள் ஊர் திரௌபதிக்கு உதவிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் பென்டிரைவை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டேன். எல்லாம் அருமை. ஆனால் அந்தக் கூத்து கேசட்டின் இரண்டாம் பக்கம் 38 நிமிடம்தான் இருந்தது. அது 90 நிமிட கேசட், ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், அப்பா டேப்பை வீணாக்குகிற ஆள் இல்லை, நுனிவரை பதிவார். ஏழு நிமிடம் எங்கே போனது?

மறுநாள் போய்க் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"நடுவுல சினிமா மெட்டு வந்துச்சு தம்பி. மொதல்ல உங்கப்பா மேல பதிஞ்சிட்டாரோன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா கூத்துக்காரனே பாடறான். நல்ல கூத்துல எதுக்கு அந்தக் குப்பைன்னு எடுத்துட்டேன். இப்ப சுத்தமா இருக்குது பாருங்க."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. நல்லவேளை, ஒரு மாதம் வரை அசல் பதிவை அழிக்காமல் வைத்திருப்பார். அங்கேயே உட்கார்ந்து வெட்டிய ஏழு நிமிடத்தைப் போடச் சொன்னேன்.

திரௌபதி வேஷம் கட்டியவர் அழுது பாடுகிறார். மெட்டு, அறுபதுகளில் வந்த ஒரு சோகப் பாட்டின் மெட்டு, முதல் வரியிலேயே யாரும் கண்டுபிடித்துவிடலாம். சொற்கள் மட்டும் திரௌபதியுடையவை. பல்லவியை அப்படியே சினிமாவில் வருகிற மாதிரி பாடுகிறார், சரணத்துக்குப் போகும்போது மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் அங்கேயே நின்று, முகவீணை என்கிற ஊதுகுழல் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நீட்ட, மிருதங்கம் நின்றுபோக, பின்பாட்டுக்காரர்கள் சினிமா மெட்டை விட்டுவிட்டுக் கூத்து மெட்டுக்குள் இறங்குகிறார்கள். எந்த இடத்தில் சினிமா முடிந்தது, எந்த இடத்தில் கூத்து தொடங்கியது என்று கத்தரிக்கோல் வைக்க முடியாது. கடைக்காரர் வைத்த வெட்டே அதற்குச் சாட்சி, அவர் வெட்டியதில் பாதி பழைய கூத்து மெட்டும் சேர்ந்தே போயிருந்தது. அதைச் சொன்னேன். "அது கூத்துக்காரன் பண்ணின தப்பு" என்றார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

ஒரு மதிப்பெண் போனது இங்கேதான். கேட்காமல் வெட்டினார். பிறகு முழுசாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அவர் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் இதே ரேட் அட்டையை நாடு முழுக்கத் தொங்கவிட்டார். சினிமாப் பாட்டு மட்டம், சாஸ்திரிய சங்கீதம் உயர்வு, ஆகவே வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய கிடையாது. ஜனங்கள் உட்கார்ந்து கச்சேரி கேட்டுத் திருந்தினார்களா? ரேடியோவின் திருகைத் திருப்பி இலங்கை வானொலி கேட்டார்கள். 1957-ல் விவித பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கி அரசாங்கமே பாட்டுப் போட வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. சினிமாப் பாட்டு சந்தைக்காகச் செய்தது, அளவெடுத்துத் தைத்தது, அதனால் கலை ஆகாது என்று பேசுகிறவர்கள் பழைய இசைத்தட்டுகளை எடுத்துப் பார்க்கட்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். பெரிய பெரிய சங்கீத வித்வான்களும் அந்த மூன்று நிமிடத்துக்குள் கீர்த்தனையைச் சுருக்கித்தான் பாடிக் கொடுத்தார்கள், கம்பெனிக்காரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சந்தைச் சரக்கு என்று யாரும் தள்ளிவைக்கவில்லை, பொக்கிஷம் என்றுதான் சொல்கிறோம்.

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டம் உண்டு, உண்மையில் எனக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல் அதிகம். "இந்தப் பாட்டைச் சாதாரணமாக நினைக்காதே, இது இன்ன ராகம்" என்று சினிமாப் பாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள். ராகம் இருந்தால் கலை, இல்லாவிட்டால் இல்லை என்றால் அதுவும் அதே ரேட் அட்டைதான், பாட்டை 100 ரூபாய்ப் பக்கத்திலிருந்து 200 ரூபாய்ப் பக்கத்துக்கு நகர்த்தப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது எங்கள் தெருவில் ஒருவர், "இப்பதான்யா உலகம் ஒத்துக்கிச்சு, அவர் கலைஞர்னு" என்றார். 1976-லிருந்து டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் கேட்டதெல்லாம் என்னவாம், நுழைவுத் தேர்வா? என் அக்கா பையன் வேறு, 2016-ல் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கொடுத்தார்கள், 2018-ல் கென்ட்ரிக் லாமார் என்கிற ராப் பாடகருக்கு அமெரிக்காவில் இசைக்கான புலிட்சர் பரிசு கொடுத்தார்கள், ஆகவே விவாதம் முடிந்தது என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவீடன்காரன் கையெழுத்துப் போடும்வரை நம் காது காத்திருக்க வேண்டுமா என்ன.

எல்லா சினிமாப் பாட்டும் கலை என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் ஒன்பது கேசட்டில் பாதிக்குப் பாதி இன்று கேட்க முடியாத குப்பை, அன்றைக்கே குப்பைதான். அதே மாதிரி கூத்து கேசட்டின் முதல் பக்கத்தில் இருபது நிமிடம், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியக்காரன் ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த அன்பளிப்புகளை வாசித்துக்கொண்டே இருக்கிறான். அதுவும் 200 ரூபாய்ப் பக்கம்தான் வருகிறது.

அப்புறம் ஏன் யூடியூபில் கிடைக்கிற பாட்டுக்கு 900 ரூபாய் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் கேசட்டுகளில் பாட்டு மட்டும் இல்லை, வரிசை இருக்கிறது. பந்தி நேரத்தில் சோகப் பாட்டு ஆகாது, மாப்பிள்ளை அழைப்பு வரும்போது பாதியில் நின்றாலும் பரவாயில்லை என்கிற பாட்டாகப் போட வேண்டும், சாவு வீட்டில் தத்துவப் பாட்டுதான், அதிலும் பொழுது சாய்ந்தபின் இன்ன குரல்தான் என்று அப்பாவுக்கு ஒரு கணக்கு. ஒன்பது கேசட்டும் அந்தக் கணக்கின்படி பதிந்தவை. குழாயைப் பற்றி இன்னொன்றும் சொல்லுவார். அதில் அடித்தொனி வராது, தபலாவின் கும்கி காற்றில் போய்விடும், வார்த்தையில் பாதி வயலைத் தாண்டாது, இரண்டு மைல் தள்ளிக் களை எடுப்பவளின் காதுக்குப் போய்ச் சேருவது மெட்டு ஒன்றுதான், அப்படிப் போய்ச் சேர்ந்து அவளும் சேர்ந்து முனகினால் அது பாட்டு. இதைவிடக் கறாரான விமர்சகரை நான் பார்த்ததில்லை. பல பிரபலமான பாட்டுகளை, "இது ரூமுக்குள்ள கேக்கற பாட்டு" என்று ஒதுக்கியே வைத்திருந்தார்.

யூடியூபில் இருப்பதும் முழுசாக அதே பாட்டு இல்லை. சிலதில் புதிதாக டிரம்ஸ் சேர்த்து, சிலதில் வேகத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். கேசட்டில் எல்பி முள்ளின் கரகரப்போடு இருக்கிறது. கடைக்காரர் முதல் கேசட்டில் அந்தக் கரகரப்பை நீக்குகிறேன் என்று கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டார், பாடகி தண்ணீருக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. சொன்னதும் சத்தத்தைத் தொடாமல் மறுபடி எடுத்துக் கொடுத்தார். நீங்கள் கொடுக்கும்போதே "அப்படியே வேணும், எதையும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அது சத்தத்துக்கும் பொருந்தும், மெட்டுக்கும் பொருந்தும்.

தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதே ஒரு வேடிக்கை. இது பழைய தகடூர், அதியமான் ஆண்ட ஊர். அதியமான் இறந்தபோது ஒளவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது: கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவன் கேட்டு மகிழ்ந்து குடிப்பான். கள்ளும் பாட்டும் கூட்டாளிகளுமாக உட்கார்ந்த இடத்தில் பாடிய பாட்டு எப்படி இருந்திருக்கும்? இன்றைக்கு அதை உரை வைத்து, பதவுரை பொழிப்புரையோடு படிக்கிறோம். அன்றைக்கு நம் கடைக்காரர் இருந்திருந்தால் அதற்கு எந்த ரேட் போட்டிருப்பார் என்று அவரிடமே கேட்டேன். "அது சங்க இலக்கியம்" என்றார். "அப்போ அது சங்க இலக்கியம் இல்லீங்களே அண்ணா, அப்போ அது நேத்து ராத்திரிப் பாட்டு" என்றேன். டீ வாங்கி வரச் சொல்லி ஆளை அனுப்பினார். பதில் வரவில்லை, டீ வந்தது.

வெட்டாத கோப்பை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் பக்கம் முழுக்கச் சும்மா இருந்தார். இரண்டாம் பக்கத்தில் அந்த ஏழு நிமிடம் வந்ததும், "இதுதான், இதுதான், இந்தப் பாட்டுக்குத்தான் அன்னிக்கு உங்க பாட்டி கற்பூரம் ஏத்திட்டு நின்னாங்க" என்றார். எந்தப் படத்துப் பாட்டு தெரியுமா அம்மா என்று கேட்டேன். "படமா? இது திரௌபதி பாட்டுடா" என்றார்.

சரி, போகிறவர்களுக்கு. மாலை நான்கரைக்கு மேல் போங்கள், படி செங்குத்து, வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது. பென்டிரைவ் நீங்களே கொண்டுபோங்கள், அவரிடம் வாங்கினால் விலை கூட. எம்பி3 மட்டும் போதும் என்று விட்டுவிடாமல் சுருக்காத வேவ் கோப்பும் கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் பிடிக்கும், அதற்கேற்ற அளவில் பென்டிரைவ் இருக்கட்டும். வாங்கியதும் ஒவ்வொரு கோப்பும் எத்தனை நிமிடம் என்று கேசட்டின் நீளத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மொத்தம் 1,900 ரூபாய் ஆனது. ரேட் அட்டை போன வாரம் வரை மாறவில்லை.